மேடைக்கு ஒரு நோயாளி

அத்தியாயம் 17

உண்ணாவிரதம் இருப்பதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்பது எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. செஞ்சி நாலுமுனை சந்திப்புக்குப் பக்கத்தில் பந்தல் போட்டவர்கள் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். எதிர் ஓட்டலில் பூரியும் பொங்கலும் தீர்ந்துபோனது. கடைசியாக வந்த சிலர் வெறும் வடையோடு திருப்திப்பட்டுக்கொண்டு, வாயைத் துடைத்தபடியே மேடையேறிப் பட்டினி கிடக்க உட்கார்ந்தார்கள்.

எதற்காக இந்தப் பட்டினி? தில்லியில் ஒரு மசோதா வரப்போகிறது. தேசிய மருத்துவச் சீரமைப்பு மசோதா. தாலுகா அளவில் இருக்கும் அரசு மருத்துவமனைகளை நடத்தத் தனியார் கம்பெனிகளைக் கூப்பிடுவார்களாம். மக்களுக்கு ஆளுக்கொரு அட்டை தருவார்களாம். அட்டையைக் காட்டினால் எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியமாம். அட்டையில் இருக்கிற தொகை தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டால், ஆதரிக்கிறவர்கள் 'தீராது' என்கிறார்கள். எதிர்க்கிறவர்கள் 'நாங்கள் வந்தால் பார்த்துக்கொள்வோம்' என்கிறார்கள். மசோதாவை முழுதாகப் படித்த ஒருவரை இந்த ஊரில் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

இரண்டு கட்சிகளின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆசிரியருக்கு போன் வரும், அவர் எனக்கு போன் செய்வார். எதிர்க்கிற கட்சி, ஆதரிக்கிற கட்சி என்றே வைத்துக்கொள்வோம்.

நம் தேவேந்திரன் எதிர்க்கிற கட்சியில் 'வார்டு'. அதாவது வார்டுச் செயலாளர். கட்சிக்குள் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, பதவிதான் பெயர். மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்' என்பார்கள். 'மாவட்டம் குளிக்கிறாரு', 'மாவட்டம் கோவமா இருக்காரு' என்று வெட்கமில்லாமல் பேசிக்கொள்வார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வார்டாகவே இருக்கும் தேவேந்திரனுக்கு, சாவதற்குள் அதற்கு மேல் ஏதாவது ஆகிவிட வேண்டும்.

அந்த மாவட்டத்திடம்தான் போன வாரம் அவன் வாயை விட்டுவிட்டு வந்தான். "மேடைக்கு ஒரு நெசமான பேஷண்ட் வேணும்யா, டிவிக்காரங்க கேப்பாங்க" என்று மாவட்டம் சொன்னதும், "எங்க வீட்லயே இருக்குதுண்ணே" என்றான். வீட்டில் சும்மா சாத்தி வைத்திருக்கும் ஏணியை இரவல் தருகிற மாதிரி. வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டான்.

வீட்டில் இருந்தது அவன் மனைவி மகாலட்சுமி. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய் மூன்றாவது வருடம். வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவளுக்கு அடுத்த சில நாள் ஓடும். தாமதமானால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு அடைக்கும். அந்த மெஷினை ஓட்டுகிறவள் அவர்கள் மகள் அறிவுமதி. டெக்னீஷியன் படிப்பு படித்து, அதே ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். பெற்றவளுக்குத் தன் கையாலேயே ஊசி குத்த வேண்டியிருக்கிறதே என்று ஆரம்பத்தில் அழுதவள், இப்போது அழுவதில்லை.

உண்ணாவிரதத்தன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"நைனா, அம்மாவுக்கு இன்னைக்கி மதியம் மெஷின். மறந்துட்டியா?"

"மறப்பனா? பன்னெண்டு மணிக்கெல்லாம் மாவட்டம் வந்துடுவாரு. பேசி முடிச்சி வெச்சிட்டாருன்னா நானே வண்டியில இட்டாந்து உங்கிட்ட விடறேன்."

"வரலன்னா?"

"வரலன்னா நடுவுல எழுந்து வந்துடறோம். இன்னா, கட்டியா போட்டுருவாங்க?"

"அந்த மசோதாவுல டயாலிசிஸ் பத்தி இன்னா போட்டுருக்குது? படிச்சியா?"

"அதெல்லாம் மாவட்டம் படிச்சிருப்பாரு."

அறிவுமதி அம்மாவைப் பார்த்தாள். மகாலட்சுமி ஏற்கெனவே புடவை மாற்றியிருந்தாள்.

"நான் போறேன் அறிவு. யாரோ கம்பெனிக்காரன் வந்து அந்த மெஷின எடுத்துட்டான்னா நான் எங்க போவேன்? ஒரு நாளு ஒக்காந்து, இது எங்களுக்கு வேணும்னு சொல்லிட்டு வரேன். மைக்குல பேசச் சொல்லுவாங்கன்னு ஒங்கப்பா சொன்னாரு. ரா முழுக்க யோசிச்சி வெச்சிருக்கேன்."

"தண்ணி குடிக்காம இரு. மூச்சு வாங்கிச்சின்னா ஒடனே போன் பண்ணு."

"சரிடி."

அந்த மசோதாவைப் பற்றி அன்று முழுக்கச் செஞ்சியில் பேசப்பட்டதில் நியாயமான பேச்சு அது ஒன்றுதான். அது மேடைக்கு வரவே இல்லை.

அன்று அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் வழிந்து ரோட்டுக்கு வந்துவிட்டது. ஸ்பெஷல் பஸ் ஒவ்வொன்றுக்கும் ஜனம் முண்டியடித்தது. இந்த நாளாகப் பார்த்து உண்ணாவிரதம் வைத்தது தற்செயல் என்று நினைக்காதீர்கள். அங்காளம்மனைப் பார்க்க வந்த கூட்டத்தை, மசோதாவை எதிர்க்க வந்த கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? பந்தலுக்கு மேலே மொட்டை மாடியிலிருந்து ஒருவன் கேமராவை ரோட்டுப் பக்கமாகவே திருப்பி வைத்திருந்தான். கையில் எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எல்லாரும், தங்களுக்கே தெரியாமல், சுகாதாரக் கொள்கையைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள்.

மகாலட்சுமியை மேடையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். 'நான் பிழைக்கலாமா, கூடாதா?' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அவள் அதைத் தலைகீழாகப் படித்துப் பார்த்தாள்.

போட்டோ எடுக்க வந்தவன், "சார், இப்டி பாத்தா நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கு. பேஷண்ட்டுனு தெரியணும்ல" என்றான்.

தேவேந்திரன் குனிந்தான். "மகா, அந்தக் கைய கொஞ்சம் காட்டேன்."

இடது கையில்தான் அவளுக்கு ஃபிஸ்டுலா. மெஷினுக்கு ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து, நரம்பு தடித்து முண்டும் முடிச்சுமாக இருக்கும். கல்யாணம் காட்சிக்குப் போனால் முந்தானையால் மூடிக்கொண்டுதான் உட்காருவாள். சொந்தக்காரர்களுக்கே காட்டியதில்லை.

"எதுக்குங்க?"

"எல்லாம் உனுக்காகத்தான மகா."

அவள் முந்தானையை விலக்கினாள். போட்டோ எடுக்கிறவன் கிட்டே வந்து, இன்னும் கிட்டே வந்து, எடுத்தான். மேடையிலிருந்த மற்றவர்களும் தங்கள் செல்போனில் எடுத்துக்கொண்டார்கள். எவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆதரிக்கிற கட்சி சும்மா இருக்குமா? அவர்களும் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். 'மருத்துவ அட்டை வழங்கும் விழா'. மசோதாவே இன்னும் நிறைவேறவில்லை, அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தலைவர் படம் போட்ட பளபளப்பான மாதிரி அட்டை. மிட்டாய் கூட வாங்க முடியாது அதை வைத்து. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே மைக்கைப் பிடித்திருந்தவன் செந்தமிழன். மகாலட்சுமியின் கூடப்பிறந்த தம்பி. "அரசு ஆஸ்பத்திரியில காத்துக் கெடந்த காலம் போச்சு, ஏசி ரூம்புல வைத்தியம் பாக்கற காலம் வரப்போகுது" என்று அவன் கத்தினால், இந்தப் பக்கம் ஒருவன், "ஏழையின் ஆஸ்பத்திரியை ஏலம் விடாதே" என்று கத்துவான். இரண்டு ஒலிபெருக்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பஸ் கண்டக்டர் எந்த ஊர் பஸ் என்று சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. நாட்டின் சுகாதாரக் கொள்கை இப்படித்தான் விவாதிக்கப்படுகிறது.

ஒரு இடைவெளியில் செந்தமிழன் ரோட்டைக் கடந்து மேடைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றான்.

"அக்கா, எதுக்கு இந்த வெயில்ல? எங்க பந்தலுக்கு வா. மொத அட்டைய உனக்கே குடுக்கச் சொல்றேன்."

"அந்த அட்டைய எடுத்துக்கினு நான் எங்க போறது?"

"பாண்டிச்சேரி போலாம், சென்னைக்கி போலாம். பெரிய பெரிய ஆஸ்பத்திரில்லாம் லிஸ்ட்ல இருக்குது."

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி பாண்டிச்சேரிக்கி யாரு இட்டுக்கினு போவாங்க? நீயா?"

"மாமா இல்ல?"

மாமா அப்போது மேடைக்குப் பின்னால் போயிருந்தான். அக்காவும் தம்பியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தார்ப்பாய் மறைப்புக்குள்ளே தயிர்சாதப் பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று ஏற்பாடு. ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்வந்தார்கள். அன்று ஒரே மதியத்தில் செஞ்சியில் சர்க்கரை நோய் பரவிய வேகத்துக்குத் தனியாக ஒரு மசோதாவே கொண்டுவரலாம்.

தேவேந்திரனுக்குச் சர்க்கரை கிடையாது. மீசையில் கடுகு ஒட்டியிருக்கத் திரும்பி வந்தான். மகாலட்சுமி பார்த்தாள்.

"பன்னெண்டு தாண்டிடுச்சிங்க."

"திண்டிவனத்துல ஒரு கல்யாணமாம். முடிச்சிட்டு மாவட்டம் கெளம்பிட்டாராம். இதோ வந்துடுவாரு."

"எனக்கு மெஷின் இருக்குது."

"தெரியும் மகா. இப்ப எழுந்து போனா நல்லாவா இருக்கும்? நடு நாற்காலியே காலியா கெடந்தா எனக்கு இன்னா மரியாத?"

"நடுவுல எழுந்துடலாம்னு சொன்னீங்க."

"இதோ வந்துடுவாரு."

அறிவுமதி போன் செய்தாள். தேவேந்திரன் வெட்டிவிட்டான். திரும்பவும் செய்தாள். மூன்றாம் தடவை மகாலட்சுமியே அவன் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா, எங்க இருக்க? உன் மெஷின புடிச்சி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். தளவானூர் இளையபெருமாள் ஐயா வந்துட்டாரு, அவருக்கும் மூச்சு வாங்குது. இதுக்கு மேல காலியா வெச்சிருக்க முடியாதும்மா. அவரப் போட்டா அப்பறம் உனக்கு சாயந்தரம்தான்."

மகாலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், கார் வருகிறதா என்று.

"அவரப் போட்டுடு அறிவு. பாவம், வயசானவரு."

"நீ எப்டி இருக்க? மூச்சு?"

"இருக்கேன்."

இருந்தாள், அவ்வளவுதான். கால் இரண்டும் செருப்பின் வாரைத் தாண்டி வீங்கியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு அடைத்தது, நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடையில் இருந்த எல்லாரும் மினரல் வாட்டர் குடித்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீருக்கு உண்ணாவிரதத்தில் விலக்கு உண்டு. அந்த மேடையில் உண்மையாகப் பட்டினி கிடந்தது அவள் ஒருத்திதான். அதுவும் கட்சிக்காக இல்லை.

மாற்றி மாற்றிப் பேசினார்கள். இலவச மருத்துவம் என்று தொடங்கி, எங்கள் ஆட்சியில் போட்ட ரோடு என்று முடித்தார்கள். மகாலட்சுமி மெதுவாக அறிவிப்பாளரிடம் கேட்டாள்.

"தம்பி, என்னப் பேச விடுவீங்கன்னு சொன்னாங்க. ரெண்டே வார்த்த."

அவன் தேவேந்திரனைப் பார்த்தான். தேவேந்திரன் தலையை ஆட்டவில்லை. மைக்கில் அறிவிப்பு வந்தது: "நமது அன்புச் சகோதரி பேச முடியாத நிலையில் இருக்கிறார் என்பதைக் கண்ணீரோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

கண்ணீர் யார் கண்ணிலும் இல்லை. அவள் பேசக்கூடிய நிலையில்தான் இருந்தாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த இரண்டு வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

ராஜகிரி மலையின் நிழல் நீள ஆரம்பித்த பிறகுதான் மாவட்டம் வந்தார். முன்னால் நாலு கார், பின்னால் மூன்று கார். கல்யாண வீட்டுச் சந்தனம் கழுத்தில் காயாமல் இருந்தது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஐரோப்பாவில் எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்று பேசினார். அவர் பல்லுக்கு வைத்தியம் பார்க்க சிங்கப்பூர் போய் வந்ததைப் பேசவில்லை. அரசு மருத்துவமனையின் வாசப்படியை அவர் மிதித்து எத்தனை வருடம் இருக்கும்? ரத்ததான முகாமுக்கு நாடா வெட்டப் போனால் உண்டு.

பேசி முடித்து, உண்ணாவிரதத்தை முடித்து வைக்கும் கட்டம் வந்தது. இளநீர் கொண்டுவந்தார்கள். சீவி, குழல் போட்டு, தட்டில் வைத்து. டிவிக்காரர்கள் முன்னால் நெருக்கினார்கள். முதல் இளநீர் யாருக்கு? நோயாளிக்குத்தான்.

"நம்ம சகோதரி காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படாம நமக்காக ஒக்காந்திருக்காங்க. என் கையால இத வாங்கிக் குடிச்சி முடிச்சி வெக்கணும்" என்றார் மாவட்டம். இளநீரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் ஆகாது. அதில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் வெளியேற வழி கிடையாது, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். டயாலிசிஸ் வார்டுச் சுவரில் முதலில் எழுதி ஒட்டியிருப்பதே இதுதான். அதுவும் மெஷின் தவறிய நாளில் குடிப்பதென்றால், அதற்குப் பெயர் வேறு. மருத்துவத்தைக் காப்பாற்றத் திரண்ட கூட்டத்தில் இதைத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

இல்லை, ஒருவன் இருந்தான். மூன்று வருடமாக அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து போனவன். அந்தச் சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவன்.

மகாலட்சுமி அவனைத்தான் பார்த்தாள். அவன் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். அண்ணே, இவளுக்கு இது ஆவாதுண்ணே. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

தேவேந்திரன் அவள் காதோரம் குனிந்தான். டிவிக்குத் தெரியாதபடி உதட்டை அசைக்காமல் சொன்னான்.

"ஒரே ஒரு வாய்தான் மகா. குடிச்சிடு. மாவட்டம் கைய நீட்டிக்கினு நிக்கறாரு பாரு."

அவள் இளநீரை வாங்கினாள். எழுந்தாள். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைத் தேவேந்திரனின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நீ குடி. நீதான பட்டினி."

நாலு பேர் முன்னால் புருஷனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மைக் பக்கத்தில் இருந்ததால் அது பந்தல் முழுக்கக் கேட்டது.

பிறகு கைதட்டல் கிளம்பியது பாருங்கள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "தன் பசியைப் பார்க்காமல் கணவன் பசியைப் பார்த்த தாய்க்குலம்" என்று அறிவிப்பாளன் அலறினான். மாவட்டம் கைகூப்பினார். தேவேந்திரன் வேறு வழியில்லாமல் குழலை வாயில் வைத்து உறிஞ்சினான், கேமராவைப் பார்த்துக்கொண்டே.

மகாலட்சுமி கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். அவளைப் பிடித்து இறக்க யாரும் வரவில்லை. எல்லாரும் இளநீருக்குப் போயிருந்தார்கள்.

ரோட்டில் செந்தமிழன் ஓடிவந்தான்.

"அக்கா, எங்க வேன் நிக்குது. ஏறு, ஆஸ்பத்திரில விட்டுடறேன்."

அவள் வேன் பக்கம் ரெண்டடி வைத்தாள். அவன் பின்னால் திரும்பி, "டேய், கேமராவ எடுத்துக்கினு வாடா" என்றான். சட்டைப்பையிலிருந்து அந்தப் பளபளப்பு அட்டையையும் எடுத்தான். "ஏறும்போது இத மட்டும் கையில புடிச்சிக்கக்கா. ஒரு போட்டோ."

"நீயுமாடா" என்றாள் அவள். அவ்வளவுதான் மூச்சு இருந்தது.

அமாவாசைக்கு எல்லா ஷேர் ஆட்டோவும் மேல்மலையனூர் சவாரிதான். கை நீட்டிக் கை நீட்டிப் பார்த்தாள். கடைசியில் வல்லத்திலிருந்து வந்த பெண்கள் நிறைந்த ஒரு ஆட்டோ நின்றது. "கோயிலுக்கா?" என்று கேட்டார்கள். "ஆஸ்பத்திரிக்கி" என்றாள். ஒருத்தி எழுந்து இன்னொருத்தி மடியில் உட்கார்ந்துகொண்டு இடம் கொடுத்தாள். ஆட்டோக்காரர் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

அறிவுமதி வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவின் உதட்டு நிறத்தைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சருக்குக் கூடக் காத்திருக்கவில்லை, தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே கொண்டுபோனாள். டாக்டர் வந்தார், ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருந்தது. "வர்ற வழியில எதுனா குடிச்சாங்களா? இதுக்கு மேல கொஞ்சம் ஏறியிருந்தாலும் கஷ்டம்மா" என்றார் டாக்டர். இளையபெருமாள் இறங்கியதும் அந்த மெஷினிலேயே அவளைப் போட்டார்கள்.

அறிவுமதி ஊசியைச் சரியாகத்தான் குத்தினாள். பிறகு திரும்பி நின்றுகொண்டு, கையுறையைக் கழற்றாமலே, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னா ஆச்சும்மா அங்க?"

மகாலட்சுமி இளநீர்க் கதையைச் சொன்னாள். குழாயில் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி உள்ளே வந்துகொண்டிருந்தது. மகள் குழாயைப் பார்த்தபடி கேட்டாள். 'ஒரே ஒரு வாய்தான்' என்ற இடம் வந்தபோது மட்டும், "நைனாவா சொல்லிச்சி?" என்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள். அம்மா தலையசைத்தாள்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு தேவேந்திரன் வந்தான். வாசலில் காவலாளி தடுத்திருக்கிறார்.

"நான் வார்டுய்யா" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறான்.

"எந்த வார்டு? ஆம்பள வார்டா, பொம்பள வார்டா?"

டயாலிசிஸ் என்று சொல்லித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. சட்டை கசங்கவில்லை. முகத்தில் சந்தோஷம் வழிந்தது. பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை, செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மகா, பாரு. நீ எனக்கு எளநி குடுக்கற வீடியோ. ஊரே பாக்குது. மாவட்டம் ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தாரு, கண்ணு கலங்கிட்டாரு. 'இப்டி ஒரு பொம்பள நம்ம கட்சியில இருக்குதா'ன்னு கேக்கறாரு."

மகாலட்சுமி பார்த்தாள். படத்தில் அவள் ஒரு பதிவிரதை. பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல் வேறு சேர்த்திருந்தார்கள்.

"இன்னும் கேளு. பேரூராட்சித் தேர்தலுக்கு நம்ம வார்டு பொம்பளைங்களுக்குன்னு ஆயிடுச்சி. உன்னையே நிறுத்தலாம்னு சொல்லிட்டாரு. இந்த மசோதாவ எதிர்த்து நிக்கற மொத ஆளு நீதான்னு போஸ்டர் போடப் போறாங்க."

"வார்டு எப்ப பொம்பளைங்களுக்குன்னு ஆச்சி?"

"அது வந்து... பேச்சு போன வாரமே அடிபட்டுச்சி."

மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அறிவுமதி திரும்பினாள். எங்க வீட்லயே இருக்குதுண்ணே என்று நைனா ஏன் அவ்வளவு வேகமாகச் சொன்னார் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் மேடைக்கு நோயாளியை மட்டும் கொடுக்கவில்லை. வேட்பாளரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

"நீ பேர மட்டும் குடு மகா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். மீட்டிங்குக்கு நான் போறேன், கையெழுத்து மட்டும் நீ போடு. நீ பாட்டுக்கு வந்து மெஷின்ல படுத்துக்க."

"எளநி எனக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய் சொல்ல வரவில்லை.

"ஒரு வாய்தான மகா. இன்னைக்கி எப்டியும் மெஷின்ல போட்டு எடுத்துடப் போறாங்கன்னு நெனச்சேன்."

மகாலட்சுமி முகத்தை அவனிடமிருந்து திருப்பிக்கொண்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"அறிவு, இங்க உள்ள யாரு யாரு இருக்கலாம்?"

"பேஷண்ட்டோட சொந்தக்காரங்க ஒருத்தர் இருக்கலாம்மா."

"எனக்கு சொந்தம்னு நீ இருக்க. இந்த ஆள வெளிய போச் சொல்லு."

தேவேந்திரன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். மகள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் சிரிப்பு நின்றது.

"இன்னா அறிவு, ஒங்கம்மா ஏதோ..."

"வெளிய போங்க" என்றாள் அறிவுமதி. முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற குரலில் சொன்னாள். அவன் போனான்.

வெளியே வராந்தா பெஞ்சில் செந்தமிழன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். கையில் பழப்பை. சிறுநீரகம் போனவளுக்கு ஆகாத பழங்களாகப் பார்த்து வாங்கி வந்திருந்தான்.

"மாமா, அக்கா இன்னா சொல்லிச்சி?"

"தூங்குது."

"எங்க கட்சியிலயும் அக்காவையே கேட்டுப் பாக்கச் சொல்றாங்க மாமா. வீடியோ அப்டிப் போவுது. 'நோயாளியே அட்டையை ஆதரிக்கிறார்'னு போட்டுக்கலாங்கறாங்க."

"ஒரு ஓரமா ஒக்காருடா" என்றான் தேவேந்திரன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பகல் முழுக்க ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று நாட்டின் மருத்துவத்தைப் பற்றித் தொண்டை கிழிய மோதிக்கொண்டவர்கள், இப்போது ஒரே பெஞ்சில், ஒரே போனில், ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவோரம் நின்று அவர்கள் பேச்சையெல்லாம் கேட்டு, கண்ணாடி வழியாக அதையும் பார்த்துவிட்டு அறிவுமதி கட்டில் பக்கம் வந்தாள்.

"ரெண்டு பேரும் நீ இன்னா சொல்லப் போறன்னு காத்துக்கினு இருக்காங்க. நிக்கப் போறியாம்மா?"

மகாலட்சுமிக்கு மூச்சு இப்போது சீராக வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் இருந்த மற்ற மெஷின்களையும், அவற்றில் கண்மூடிப் படுத்திருந்தவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"கட்சி இல்லாம தனியா நிக்கணும்னா யாரப் போயி பாக்கணும்னு கேட்டு வை."

அறிவுமதி கதவைப் பார்த்தாள்.

"அவங்ககிட்ட இன்னா சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. ஒக்காந்திருக்கட்டும்."